வராண்டா முதலாளி

சினிமாக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் வராண்டா. நேரில் பார்த்தால் "வாங்க முதலாளி" என்று எழுந்து நிற்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும் "வராண்டா வந்துட்டுப் போறாரு" என்பார்கள். அதில் கேலி இருந்ததே தவிர வன்மம் இல்லை. தான் எடுத்த படம் முதல் நாள் ஓடும்போது அவர் ஒருதரம்கூட உள்ளே உட்கார்ந்து பார்த்ததில்லை. தியேட்டர் வராண்டாவில், புரொஜக்டர் அறைக்குப் போகும் படிக்கட்டுக்குக் கீழே, சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே சிரித்தால் இவர் முகத்தில் விளக்கு எரியும். யாராவது இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, நடந்ததைச் சொல்வது அவர் மனைவியின் வேலை.

அவளை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். கட்டிய கணவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் பெயர் சொல்லக் கூச்சப்பட்டுத் தொடங்கியது, அப்படியே நாக்கில் தங்கிவிட்டது.

அவருடைய முதல் படத்தின்போதே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. அதற்கு முன் அவர் படப்பிடிப்புகளில் வண்டி, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். நூறு பேருக்குச் சாப்பாடு என்றால் நூற்றிப்பத்து இலை போடுகிற மனுஷன் என்று பெயர் வாங்கியிருந்தார். அந்த நல்ல பெயரை வைத்து நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு படம் எடுத்தார். முதல் நாள், முதல் காட்சி, வாசல் வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"டீச்சர், நீ போ. எனக்கு வயித்தைக் கலக்குது."

"என்னங்க இது? ஊரையே கூப்பிட்டுட்டு நீங்க வெளிய நின்னா எப்படி?"

"நீ பாத்துட்டு வந்து சொல்லு. எனக்கு அது போதும்."

அவள் போய் நடு வரிசையில் உட்கார்ந்தாள். இடைவேளை வரை பழுதில்லை. அதற்குப் பிறகு கதாநாயகியின் அம்மா சாகும் காட்சி வந்தது. செத்துக் கிடக்கிற அம்மாவின் இமை துடித்தது. ஒருதரம் துடித்திருந்தால் தப்பித்திருக்கலாம். நாலு தரம் துடித்தது. பின் வரிசையிலிருந்து ஒருவன், "அம்மாவுக்கு இன்னும் தூக்கம் வரலைடா!" என்று கத்தினான். தியேட்டரே சிரித்து உருண்டது.

வெளியே வந்தவளுக்கு, படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"எல்லாரும் அழுதுட்டாங்க" என்றாள்.

"சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே?"

"அது காமெடி சீனுக்கு."

"இடைவேளைக்கு அப்புறம் காமெடி சீனே இல்லையே டீச்சர்."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தியேட்டரில் வேறு படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாவது நாள் காலையில், பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "உள்ள என்ன நடந்துச்சோ அதை மட்டும் சொல்லு. அழறதா சிரிக்கறதான்னு நான் முடிவு பண்ணிக்கறேன். நீயே மாத்திச் சொல்லிட்டேன்னா எனக்குன்னு வேற கண்ணு ஏது?"

அந்த வார்த்தை அவளை எங்கேயோ தொட்டது. செத்த அம்மாவின் இமை துடித்ததையும் பின் வரிசைக்காரன் கத்தியதையும் அப்போதே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் மாற்றிச் சொன்னதில்லை. எந்த வரிசையில் கொட்டாவி விட்டார்கள், எந்தப் பாட்டுக்கு எழுந்து வெளியே போனார்கள், எந்த வசனத்துக்குப் பக்கத்து இருக்கைப் பெண்மணி மூக்கை உறிஞ்சினாள் என்று பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பதைப் போல ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். செத்த அம்மா எழுந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரியே ஒரு காமெடிப் படம் எடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதும் அவள் சொன்னதை வைத்துத்தான். அந்த இரண்டாவது படம் நூறு நாள் ஓடியது. இருபத்தேழு வருஷத்தில் பதினாலு படம். ஐந்து நன்றாக ஓடின. நாலு பரவாயில்லை. மீதி ஐந்தைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

பதினாலாவது படத்தில்தான் சும்மா இருந்த சங்கை ஊதினார்.

அது வாலிபால் ஆடும் பெண்ணைப் பற்றிய கதை. நிஜ ஆட்டக்காரிகள் வேண்டும் என்று ஒரு நூல் ஆலையின் பெண்கள் அணியை மூன்று நாளுக்கு அழைத்து வந்திருந்தார்கள். கதாநாயகிக்குச் சர்வீஸ் போட வரவில்லை. பந்து கனம் என்றாள், வலை உயரம் என்றாள், தரை வழுக்குகிறது என்றாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். கடைசியில் அணியின் கேப்டன், பனைமரம் போல வளர்ந்த ஒரு பெண், அவளுக்குப் பதிலாகச் சர்வீஸ் போட்டாள். அவளைக் கூட்டாளிகள் நெட்டை என்றே கூப்பிட்டார்கள். அவள் கையிலிருந்து கிளம்பிய பந்து கேமராவுக்கு ஒரு சாண் பக்கத்தில் போய்ச் சுவரில் அறைந்தது. கேமராமேன் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார்.

"அம்மாடி, இன்னொரு தரம் போடு" என்றார் முதலாளி, ஆசை தாங்காமல்.

அவள் ஏழு தரம் போட்டாள். சாப்பாட்டு வேளையில் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்த போட்டி எப்போம்மா?" என்று கேட்டார்.

"அடுத்த போட்டியே இல்லைங்க சார். ஆலையை மூடறாங்க. அடுத்த மாசம் நாங்க கலைஞ்சிடுவோம்."

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார். "டீச்சர், ஒரு டீமை வாங்கிட்டேன்."

"என்ன டீ?"

"டீம். வாலிபால் டீம். பன்னெண்டு பொண்ணுங்க, ஒரு கோச்."

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டீங்களா? பதினஞ்சு வருஷம் அந்தப் பந்தோடயே கிடந்தவ நான். ஒரு செட்டுக்கு எத்தனை பாயிண்ட்டு, சொல்லுங்க பாப்போம்?"

"அதையெல்லாம் கத்துக்கலாம்."

"எத்தனை?"

"பத்து... பன்னெண்டு இருக்குமா?"

"இருபத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். கோபம்தான். ஆனால் உரித்த கிழங்கையே இரண்டாம் தரம் உரித்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் தோல் பந்தின் வாசனை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியிருந்தது.

முதல் வருஷம் அவர் அணியை சினிமாவாகவே நடத்தினார். பெண்கள் மைதானத்துக்குள் வரும்போது விளக்கை அணைத்து, வட்ட வெளிச்சம் போட்டு, பின்னணி இசை வாசிக்க வைத்தார். பளபளக்கிற துணியில் சட்டை தைத்தார். வியர்வை பட்டதும் அது உடம்போடு ஒட்டிக்கொண்டு கையைத் தூக்கவிடவில்லை. ஒரு பெண்ணின் சட்டை மட்டும் வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்து, "பாவம், துணி பத்தலை போல" என்று அவளுக்கும் ஒரே நிறத்தில் தைத்துக் கொடுத்தார். பின்வரிசையிலேயே நின்று பந்தைக் காப்பாற்றுகிற அந்தப் பெண் வேறு நிறம்தான் போடவேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. நடுவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்.

கோச் ஒரு குண்டு மனிதர். கழுத்தில் எப்போதும் தொங்குவதால் விசில் என்று பெயர். அவரிடம் போய் முதலாளி, "ஆட்டம் நல்லாத்தான் போகுது. ஆனா கடைசில ஒரு திருப்பம் வேணும் மாஸ்டர்" என்றார்.

"முதலாளி, வலைக்கு அந்தப் பக்கமும் ஆறு பேர் இருக்காங்க. அவங்களுக்கும் கதை சொல்லிட்டீங்களா?"

நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்றதும் விசில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். மறுநாள் டீச்சர் அவருடைய வீட்டைத் தேடிப் போனாள். விசில் கதவைத் திறந்ததும், "மாஸ்டர், விளக்கு, பாட்டு, சட்டை எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். அவரை நான் பாத்துக்கறேன். நீங்க பொண்ணுங்களைப் பாருங்க" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரைப் பாத்துக்குவீங்களா? நிச்சயமா?" என்று மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டுதான் செருப்பை மாட்டினார்.

அன்றிலிருந்து அவள் தினமும் காலையில் பயிற்சிக்குப் போனாள். பருத்திச் சட்டை வந்தது. பின்னணி இசை நின்றது. அணி ஜெயிக்கத் தொடங்கிவிட்டது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. நன்றாகத் தோற்கத் தொடங்கியது. முன்பு மூன்று செட்டில் தோற்றவர்கள் இப்போது ஐந்து செட் வரை இழுத்துத் தோற்றார்கள். நடுநடுவே ஒன்றிரண்டு ஜெயித்தார்கள்.

முதலாளி இங்கேயும் வராண்டாதான். அரங்கத்துக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். ஆனால் அவருடைய காது இங்கே எடுபடவில்லை. தியேட்டரில் கத்தினால் நல்லது. இங்கே பாதிப் பேர் எதிரணிக்குக் கத்துகிறவர்கள். ஒவ்வொரு கூச்சலுக்கும் முகம் மலர்ந்து, அடுத்த கணம் சந்தேகத்தில் சுருங்கி, ஆட்டம் முடிவதற்குள் அவர் ஆடியவர்களைவிட அதிகமாகக் களைத்துப்போவார். ஒவ்வொரு செட் முடிந்ததும் டீச்சர் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போவாள். "நெட்டை நாலு சர்வீஸை வலையில அடிச்சா. சின்னப் பொண்ணு நல்லா எடுத்துக் கொடுக்கறா. அவங்க பக்கம் ஒருத்தி இடது கைக்காரி, அவதான் நம்மளக் கொல்றா." அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார்.

இரண்டாவது வருஷம் கடைசி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, பயிற்சியில் ஒரு பெண்ணுக்குத் தரையோடு பாய்ந்து பந்தை எடுப்பது எப்படி என்று டீச்சர் செய்து காட்டினாள். பந்தை எடுத்தாள். எழுந்திருக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

"ஐம்பத்திரண்டு வயசுல இது தேவையா?" என்று அவளைப் பார்த்துக்கொள்ள வந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பந்தை எடுத்தேன்ல?" என்றாள் டீச்சர்.

கடைசி ஆட்டம் வாழ்வா சாவா ஆட்டம். தோற்றால் அடுத்த வருஷம் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். டிவியில் காட்டுகிற அளவுக்குப் பெரிய போட்டியும் இல்லை. அன்று மத்தியானம் அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றார்.

"டீச்சர், இன்னைக்கு யாரு உள்ள போறது?"

"நீங்கதான்."

"நானா? விளையாடறியா?"

"என்னால வெளியவே வர முடியாது, உள்ள எங்க போறது? போனை எடுத்துக்கிட்டுப் போய் உக்காருங்க. நடக்கறதை நடக்கறபடி எனக்குச் சொல்லுங்க. இத்தனை வருஷமா நான் சொன்னேன்ல?"

அவர் தயங்கித் தயங்கிப் போனார். போகும்போது தண்ணீர் பாட்டிலை மறந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, கண்ணாடியை மறந்து, அதற்கும் திரும்பி வந்தார்.

நாலு மணிக்குப் போன் வந்தது. அவள் தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு காதில் வைத்தாள். முதல் நாலு செட் பட்ட பாடு சொல்லி மாளாது. அவர் ஆட்டத்தைச் சொல்லவில்லை, கதை சொன்னார். "ஒரு பொண்ணு அப்படியே வானத்துல எழும்பறா டீச்சர்... நின்னுட்டா அங்கேயே... ஐயோ..."

"எந்தப் பொண்ணு? யாரு பாயிண்ட்டு?"

"அது தெரியலை. நான் கண்ணை மூடிட்டேன்."

எப்படியோ இரண்டுக்கு இரண்டு என்று ஆனது. கடைசி செட். பதினைந்து பாயிண்ட்தான். அவர் மைதானத்தின் ஒரு முனையில், நம் பெண்களின் பின்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, தலையைக் குனிந்தபடி முன்னால் தெரிகிற தரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து நம் பக்கம் விழுந்தால் எதிரணிக்குப் பாயிண்ட். அவ்வளவுதான் அவருக்குக் கணக்கு.

"விழுந்துடுச்சு டீச்சர்... விழலை... ஐயோ, விழுந்துடுச்சு."

எட்டுக்கு ஐந்து. எதிரணி முன்னால். அவள் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?"

"கொஞ்சம் இரு. மூச்சு வாங்குது." சிறிது நேரம் கழித்து, "ஆரம்பிச்சுட்டாங்க... விழுந்துடுச்சு. மறுபடி விழுந்துடுச்சு டீச்சர். போச்சு. இன்னொண்ணும் விழுந்துடுச்சு. நாலாவது. யாருமே எடுக்க மாட்டேங்கறாங்க. எல்லாம் முடிஞ்சு போச்சு."

பன்னிரண்டுக்கு ஐந்து என்று அவள் விரல் விட்டு எண்ணினாள். ஆனால் போனில் கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அது நம் அரங்கம். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்.

"என்னங்க, நாம தோக்கறோம்னா நம்ம ஜனம் எதுக்குக் கத்துது?"

"கோவத்துல கத்தறாங்க போல."

அவளுக்குச் சுருக்கென்று பொறி தட்டியது. "ஐயோ! கடைசி செட்டுல எட்டு பாயிண்ட்டு வந்ததும் ரெண்டு டீமும் பக்கம் மாறுவாங்க! தலையைத் தூக்கிப் பாருங்க! உங்க முன்னாடி நிக்கறது யாரு?"

"எனக்குக் காலு மட்டும்தான் தெரியுது. எல்லாம் வெள்ளை ஷூ."

"தலையைத் தூக்குங்கன்னு சொல்றேன்ல!"

பள்ளிக்கூட மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற குரல் அது. அடுப்படியில் அக்கா கரண்டியைக் கீழே போட்டாள்.

"டீச்சர்" என்றார் அவர், குரல் வேறாகியிருந்தது. "நெட்டை அந்தப் பக்கம் நிக்கறா. பலகையில ஒம்போதுக்கு எட்டுன்னு போட்டிருக்கு. நாமதான் ஒம்போது."

"அப்போ விழுந்ததெல்லாம் அவங்க பக்கம். நாலும் நமக்கு. இப்போ யாரு சர்வீஸ்?"

"நெட்டை. பந்தைத் தரையில தட்டறா. மூணு தரம் தட்டினா. இப்போ மேல வீசறா..."

அதோடு அவர் பேச்சு நின்றது.

"என்னங்க? என்ன ஆச்சு?"

போன் அவர் கையில்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதை மறந்தே போயிருந்தார். அவளுக்குக் கேட்டதெல்லாம் சத்தம் மட்டும். கூட்டம் எழும்பியது, அடங்கியது, மறுபடி எழும்பியது. யாருக்கு எழும்புகிறது, யாருக்கு அடங்குகிறது? அவள் போனைக் காதோடு அழுத்தினாள். வயிற்றில் ஏதோ புரண்டது. இத்தனை வருஷம் அந்த மனுஷன் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தாரா, ஒவ்வொரு தரமும்? பரிதாபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "மாவுக்கட்டு மட்டும் இல்லாட்டி" என்று பல்லைக் கடித்தாள்.

"யாரு செத்தா? எதுக்கு இவ்வளவு கூச்சல்?" என்று எட்டிப் பார்த்தாள் அக்கா.

"இரு அக்கா, தெரியலை."

திடீரென்று சத்தம் மொத்தமாக நின்றது. அப்புறம் கைதட்டல். நிதானமாக, நெடுநேரம், ஓயாத கைதட்டல். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? அவளுக்குப் பிடிபடவில்லை.

"டீச்சர்! டீச்சர், இருக்கியா?" அவர் கத்தினார். மூச்சிரைத்தது. "பதினஞ்சுக்குப் பதிமூணு. தோத்துட்டோம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா கடைசிப் பந்து இருக்கே, அதைச் சொல்றேன் கேளு. நாப்பது தரம் வலைக்கு அங்கயும் இங்கயும் போயிருக்கும். வேற சட்டை போட்ட பொண்ணு விளம்பரப் பலகை மேலயே விழுந்து எடுத்தா. நீ செஞ்சு காட்டினியே, அதே மாதிரி, தரையோட தரையா. நெட்டை அடிச்சது கோட்டுக்கு ஒரு விரல் வெளிய போயிடுச்சு. ஒரே ஒரு விரல்! நான் பாத்தேன் டீச்சர், என் கண்ணால பாத்தேன்!"

தோற்ற சேதியை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆளை அவள் பார்த்ததில்லை.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பெண்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் அழுதார்கள். நெட்டை மட்டும் கதவுநிலைக்குக் குனிந்தபடியே நின்றாள்.

"என்னாலதான் டீச்சர். கீழ இறங்கிட்டோம்."

"ஒரு விரல் தள்ளிப் போனதுக்குப் பேரு தப்பு இல்லை. நீ முழுசா அடிச்சே. பயந்து மெதுவாத் தட்டியிருந்தாதான் நான் திட்டியிருப்பேன். வந்து உக்காரு. அந்த நிலைப்படியை உடைச்சிடாத."

முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோபாத் தலையணையை எடுத்து, கடைசிப் பந்து எப்படிப் போனது என்று நடித்துக் காட்டினார். இரண்டாவது பாய்ச்சலில் பூச்சாடி உடைந்தது. விசில் அதைப் பொறுக்கி எடுத்து ஓரமாக வைத்தார்.

"சார், அந்தப் பந்து இந்தப் பக்கம் இருந்து வந்துச்சு" என்று திருத்தினாள் நெட்டை, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"நீயா பாத்தே? நான் பாத்தேன்மா."

"நான்தான் அடிச்சேன் சார்."

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் கால் வலித்தது. வலித்தாலும் சிரிப்பு நிற்கவில்லை. பெண்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

"கீழ்ப் பிரிவுல ஆட்டம் எப்போ ஆரம்பிக்குது மாஸ்டர்?" என்று கேட்டார் முதலாளி.

"நாலு மாசம் இருக்கு."

"அப்போ திங்கக்கிழமையே பயிற்சியை ஆரம்பிச்சிடலாமே?"

"அவங்க மூட்டு தேறட்டும்" என்றாள் டீச்சர். "என் காலும் தேறட்டும்."

அடுத்த வருஷம் சின்னச் சின்ன ஊர்களில், தகரக் கூரை போட்ட அரங்கங்களில் ஆடினார்கள். இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் ஜெயித்து மறுபடி மேலே வந்தார்கள். முதலாளி ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்து, நடுவருக்குக் கண் தெரியவில்லை என்று இரண்டு தரம் கத்தி, இரண்டு தரமும் எச்சரிக்கை வாங்கினார். மூன்றாவது தரம் வாங்கினால் அணிக்கே தண்டனை என்றதும் விசில் ஒரு சட்டம் போட்டார். ஆட்டம் நடக்கும்போது முதலாளி டீச்சருக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். அவர் வாயைத் திறந்தால் டீச்சர் தொடையில் கிள்ளலாம். அவள் அந்த அதிகாரத்தைத் தயங்காமல் பயன்படுத்தினாள். மேலே வந்த ஆட்டத்தன்று மட்டும், கடைசிப் பாயிண்ட்டில், கிள்ள மறந்து அவளே எழுந்து நின்று கத்திவிட்டாள்.